கள்ளுக்கடையை மூடிய விவசாயி

பனம்பாளையைச் சீவினால் சாறு சொட்டுச் சொட்டாக வடிகிறது. அடியில் ஒரு மண் கலயத்தைக் கட்டி வைக்கிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால், மறுநாள் காலையில் மரத்திலிருந்து இறங்குவது பதநீர். குழந்தைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் வெல்லமாகும். சுண்ணாம்பு தடவாமல் விட்டால், அதே சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும்.

மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற மனிதனும் ஒருவனே. வித்தியாசமெல்லாம் ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது!

சென்னை மாகாணம் முழுவதிலும் கள் கலயத்தைக் கவிழ்க்க உத்தரவிட்ட சர்க்காருக்குத் தலைமை வகித்தவர், பனைமரங்கள் நிறைந்த திண்டிவனம் வட்டாரத்தில் பிறந்த ஒரு விவசாயி. அவர்தான் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். ஊர்ப் பெயரே அவர் பெயராகி, ஓமந்தூரார் என்றே நாடு அவரை அழைத்தது.

கூழும் மல்லாட்டையும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 அன்று அவர் பிறந்தார். உழவுத் தொழிலே குடும்பத்தின் தொழில். திண்டிவனத்தில் இருந்த வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். பெரிய பட்டம் எதுவும் பெறவில்லை. நிலமும் நீரும் நாற்றுமே அவருக்கு நன்றாகத் தெரிந்த பாடங்கள்.

அந்த நாளைய தென்னாற்காடு ஜில்லாவில் விழுப்புரமும் திண்டிவனமும் மானாவாரிப் பயிருக்குப் பேர்போன தாலூகாக்கள். ஏரி நிறைந்த ஆண்டில் நெல் விளையும். மற்ற நாட்களில் கம்பும் கேழ்வரகும்தான் ஏழை வீட்டைக் காப்பாற்றும். நிலக்கடலையை இந்தப் பக்கத்தில் மணிலாக் கொட்டை என்பார்கள். பேச்சு வழக்கில் அது மல்லாட்டை. காலையில் ஒரு சொம்பு கூழ், கடித்துக்கொள்ள வெங்காயமோ பச்சை மிளகாயோ; மாலையில் வேகவைத்த மல்லாட்டை ஒரு கை. பெரும்பாலான கூலிக்காரக் குடும்பங்களின் சாப்பாடு இவ்வளவுதான்.

கோடை வந்தால் பனை படியளக்கும். நுங்கு, பதநீர், பனம்பழம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பனங்கொட்டையைப் புதைத்து வைத்தால் தை மாதத்தில் கிழங்கு கிடைக்கும். கையில் காசில்லாத குடும்பத்துக்கும் பனை இல்லையென்று சொல்வதில்லை.

ஆனால் அதே பனைதான் கள்ளுக்கடைக்கும் சரக்குக் கொடுத்தது.

அடுப்பு எரியாத வீடு

வெள்ளைக்காரர் ஆட்சியில் கள்ளுக்கடை சர்க்காருக்குப் பணம் காய்ச்சும் மரமாக இருந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி உண்டு. கடையை ஏலத்தில் விடுவார்கள். அதிகத் தொகை கேட்டவர் கடையை எடுப்பார். ஏலப் பணத்தை ஈடுகட்ட அவர் இன்னும் அதிகமாக விற்றாக வேண்டும். குடிக்கிறவன் எவ்வளவுக்கெவ்வளவு குடித்தானோ, அவ்வளவுக்கவ்வளவு கஜானா நிரம்பியது. மாகாண வருமானத்தின் பெரிய தூண்களில் ஒன்றாகக் கலால் வரி நின்றது.

கடை இருக்கும் இடமோ, வயலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி. அன்றன்றைக்குக் கூலி, அன்றன்றைக்கு அரிசியோ கேழ்வரகோ வாங்கிப் போனால்தான் வீட்டில் உலை ஏறும். கூலிப் பணம் வழியில் பாதியாகக் குறைந்தால் உலையும் பாதியாகும். முழுவதும் கரைந்தால் அடுப்பே எரியாது. காத்திருந்த பெண்ணும் பிள்ளைகளும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். மதுவிலக்கு என்ற பெரிய சொல்லுக்கு ஏழைப் பெண்ணின் பாஷையில் பொருள் ஒன்றே. அது ராத்திரிச் சாப்பாடு.

காந்தியடிகளின் இயக்கம் நாட்டில் பரவியபோது கதரும் மதுவிலக்கும் அதன் இரு கண்களாக இருந்தன. கள்ளுக்கடை மறியலில் பெண்கள் முன் வரிசையில் நின்றார்கள். அந்த இயக்கத்தில் ஓமந்தூராரும் சேர்ந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். தென்னாற்காடு ஜில்லாவில் காங்கிரசை வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றார். மேடைப் பேச்சில் அவர் கெட்டிக்காரர் அல்லர். சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயரே அவருடைய பலம்.

வேண்டாம் என்றவருக்கு வந்த பதவி

1947 மார்ச் 23 அன்று ஓமந்தூரார் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் மாகாணத்தின் முதல் மந்திரியைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். பதவியை அவர் தேடிப் போகவில்லை. காமராஜர் முதலிய காங்கிரஸ் தலைவர்கள் வற்புறுத்திய பிறகே தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார். வடலூர் வள்ளலாரிடத்தும் திருவண்ணாமலை ரமண மகரிஷியிடத்தும் ஈடுபாடு கொண்டிருந்த அவர் மனம் கோட்டையை நாடவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் நாடு சுதந்திரம் பெற்றது. சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதல் தலைவர் என்ற இடம் ஓமந்தூர் விவசாயிக்குக் கிடைத்தது.

அவர் பதவியில் இருந்தது இரண்டே ஆண்டுகள். அதற்குள் நடந்தவை அநேகம். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் விரிவாக வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் அதே ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெரிய மனிதரின் கோபத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. அவர் அசையவில்லை.

இவற்றுக்கு நடுவில்தான் மதுவிலக்கும் வந்தது.

காந்தி ஜெயந்தி அன்று

மதுவிலக்கைத் தொடங்கியவர் ஓமந்தூரார் அல்லர். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் அதைத் தொடங்கினார். பிறகு வேறு சில ஜில்லாக்களுக்கும் அது பரவியது. போன வருமானத்தை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரி பிறந்தது. இன்று கடைக்காரர் ஒவ்வொரு பில்லிலும் போடும் வரிக்கு முன்னோடி அந்த வரியே! பின்னர் ராஜாஜி மந்திரிசபை விலகியது. போர்க்காலத்தில் கள்ளுக்கடைகள் மறுபடியும் திறந்தன. 1946-ல் சில ஜில்லாக்களில் மதுவிலக்கு திரும்பி வந்தது.

மீதி ஜில்லாக்களை என்ன செய்வது? இதுவே ஓமந்தூரார் முன் நின்ற கேள்வி. காலமோ கெட்ட காலம். போர் முடிந்தும் உணவுப் பஞ்சம் தீரவில்லை. அரிசிக்கு ரேஷன். புதிய நாட்டுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், சாலை வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் வருகிற பணத்தைத் தள்ளுவதா என்று கேட்டவர்கள் பலர். கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் எழுதப்படாத ஒரு வரி உண்டு. கஜானாவுக்கு வரும் ஒரு ரூபாய்க்காகக் கூலிக்காரனின் வீட்டில் எத்தனை உலை இறங்கியது என்பதே அது. கிராமத்தில் வாழ்ந்த மனிதருக்கு அந்த வரியைப் படிக்கத் தெரிந்திருந்தது.

1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டு இறந்தார். அவர் இல்லாத முதல் காந்தி ஜெயந்தி அக்டோபர் 2 அன்று வந்தது. அன்று முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. அப்போதைய மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல. ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்தது. அன்றோடு அவ்வளவு பெரிய நிலப்பரப்பு முழுவதிலும் கள்ளும் சாராயமும் சட்ட விரோதமாயின.

பனையேறியின் பாடு

கடையை மூட ஒரு பூட்டுப் போதும். ஆனால் மரம் ஏறிப் பிழைத்தவன் கதி என்ன?

சுண்ணாம்புக் கலயமே அதற்கு விடையாக வைக்கப்பட்டது. கள் இறக்கியவர் பதநீர் இறக்கலாம், பதநீரை வெல்லமாக்கலாம். பனைவெல்லம் ஏழைக்கு ஏற்ற கிராமத் தொழில் என்பது காந்தியடிகளின் கருத்துமாகும். சர்க்கார் உரிமம் கொடுத்தது. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின.

ஏட்டில் எளிதாகத் தோன்றும் இந்தத் தொழில் நடைமுறையில் கடுமையானது. பாளையைக் காலையும் மாலையும் தவறாமல் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும். இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் விற்க வேண்டும். விற்காததை உடனே காய்ச்ச வேண்டும். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பாகு பதம் வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அது வீட்டுப் பெண்களின் வேலை. ஒரு கிலோ வெல்லத்துக்குச் சுமார் எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். விறகுச் செலவு வேறு. பாகைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவைத்தால் வெல்லம் தயார். இத்தனை பாடுபட்டும், ஆலை வெள்ளைச் சர்க்கரையோடு சந்தையில் அது போட்டி போட முடியவில்லை. கள்ளுக்கோ அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம், இறக்கியவுடன் காசு.

போதாக்குறைக்கு, கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க மரத்தடிக்குச் சோதனையும் வந்தது. குடிப்பவனைத் திருத்த வந்த சட்டத்தின் சுமையில் ஒரு பங்கு உழைப்பவன் தோளிலும் ஏறியது. பலர் அரிவாளைத் தூக்கி எறையில் வைத்துவிட்டு வேறு கூலி வேலைக்குப் போனார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அதுவும் ஓமந்தூராரின் சொந்த வட்டாரத்தில்! திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பக்கத்து வீடு புதுச்சேரி. அது அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே மதுவிலக்கு இல்லை. வயல் வரப்பைத் தாண்டினால் வேறு தேசம், வேறு சட்டம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் புதுச்சேரி தனி நிர்வாகமாகவே நின்றது, கடைகளும் நின்றன. மாகாணம் முழுவதற்கும் சட்டம் செய்தவரின் ஊருக்குப் பக்கத்திலேயே அந்தச் சட்டத்துக்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

கோட்டையிலிருந்து வடலூருக்கு

சிபாரிசுக்கு இடம் கொடாதவர் ஓமந்தூரார். சொந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும் முறையில்லாத காரியத்துக்கு அவரிடம் இடமில்லை. அதுவே அவருக்கு எதிரிகளைச் சேர்த்தது. கட்சிக்குள் ஆதரவு குறைந்தபோது அவர் பதவியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. 1949 ஏப்ரலில் விலகினார். குமாரசாமி ராஜா அடுத்து வந்தார்.

ஓமந்தூரார் போய்ச் சேர்ந்த இடம் வடலூர். பசித்தவருக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று வாழ்ந்த வள்ளலார், 1867-ல் அங்கே சத்திய தருமச்சாலையை அமைத்தார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. அந்த ஊரில் ஓமந்தூரார் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்க வழி செய்தார். கள்ளுக்கடையை மூடியபோது எந்த உலையை நினைத்தாரோ, அதே உலையை ஏற்றும் வேலையில் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1970 ஆகஸ்ட் 25 அன்று அவர் காலமானார்.

ஓராண்டு கழிந்தது. 1971 ஆகஸ்ட் 30 முதல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தள்ளி வைக்கப்பட்டது. பிறகு 1974-ல் கடைகளை மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள், 1987-ல் கள்ளையும் சாராயத்தையும் மறுபடி தடுத்தார்கள். 2003 முதல் சர்க்கார் நிறுவனமே சீமைச் சரக்கைச் சில்லறையில் விற்கிறது. கள்ளுக்குத் தடை; பாட்டிலுக்குத் தடை இல்லை! இதைச் சுட்டிக்காட்டி, கள் இறக்க அனுமதி வேண்டும் என்று விழுப்புரம் பக்கத்துப் பனையேறிகள் கேட்கிறார்கள்.

கள்ளச் சாராயமும் ஒழியவில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் பலியானார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டும் பழைய தென்னாற்காட்டு மண். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். மாலையில் அவர்களை எதிர்பார்த்து அந்த வீடுகளிலும் அடுப்புக் காத்திருந்தது.

ஓமந்தூராரின் சட்டம் தோற்றதா, வென்றதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் பழையதாகவில்லை. ஏழையின் கூலி வீட்டு உலைக்குப் போக வேண்டுமா, கஜானாவுக்குப் போக வேண்டுமா? அதற்கு அவர் தம் பதவிக் காலத்தில் தயங்காமல் பதில் சொன்னார். பனையேறிக்கும் வயிறு நிறையும்படி அந்தப் பதிலை முழுமையாக்கும் வேலையைப் பின்னால் வந்தவர்களுக்கு விட்டுச் சென்றார்.

திண்டிவனம் சாலையில் கோடைக்காலத்தில் மரத்தடியில் பதநீர் விற்பதை இன்றும் காணலாம். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றித் தருகிறார்கள். வெயிலில் வந்தவர் ஒரு பட்டை குடித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு செம்பு வாங்கிப் போகிறார். அந்தக் கலயத்திலும் ஒரு விரல் சுண்ணாம்பு இருக்கிறது.