பிரிந்தும் பிரியாத மத்தியூஸ்

மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஸ்ரோக் நகரைச் சேர்ந்த ஹான்லியில், 1915ஆம் ஆண்டு, குத்துச்சண்டையிலும் வல்லவரான ஒரு நாவிதரின் மைந்தராய்ப் பிறந்தார் ஸ்ரான்லி மத்தியூஸ். பதினேழாவது வயதில் ஸ்ரோக் சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தின் தொழில்முறை ஆட்டக்காரரானார். வலப்புற ஓரமாக அவர் பந்தை உருட்டிச் செல்லும் வித்தை நாடெங்கும் புகழ்பெற்றது.

1938இல் அவர் விலக விரும்பினார். ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் மண்டபமொன்றிற் கூடி, அவரைப் போகவிடலாகாது என வற்புறுத்தினர். ஊராரின் அன்புக்கு இணங்கி நின்றார். எனினும், பின்னர் முகாமையாளருடன் மூண்ட பிணக்கு தீரவில்லை. 1947இல் 11,500 பவுணுக்குப் பிளாக்பூல் கழகத்துக்கு விற்கப்பட்டார். அவரில்லாது ஆடிய இறுதிப் போட்டியில் தோற்ற ஸ்ரோக், கைக்கெட்டிய லீக் பட்டத்தை இழந்தது. ஊரார் கசந்தனர். 1953இல் அவர் வென்ற தேசியக் கிண்ணமும் பிளாக்பூலுக்கே பெருமை சேர்த்தது.

கசப்பு நிலைக்கவில்லை. 1961இல், நாற்பத்தாறு வயதில், அவர் தாய்க் கழகத்துக்கு மீண்டார். எண்ணாயிரம் பேரளவில் வந்த மைதானத்தில் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். 1963இல் கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. ஐம்பது வயது நிரம்பிய பின்னரே, 1965இல், லீக் ஆட்டத்திலிருந்து ஓய்ந்தார்.

2000ஆம் ஆண்டு மறைந்த அவரது அஸ்தி, ஸ்ரோக் கழக மைதானத்தின் நடுவட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. கழகம் அவரை விற்றது, ஊர் விற்கவில்லை.