கொலைகாரனே சாட்சி... தூக்குக்குப் போனது இன்னொருவர்! யார் இந்த ஜான் கிறிஸ்டி?

லண்டன் நாட்டிங் ஹில் பகுதி. 1953 மார்ச் 24. ரில்லிங்டன் பிளேஸ் தெரு, 10-ம் நம்பர் வீடு. காலியாகக் கிடந்த தரைத்தளத்தின் சமையலறையில் ரேடியோ வைக்க ஸ்டாண்டு அடிக்கலாம்னு, மாடியில் குடியிருந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் மட்டும் வெற்றுச் சத்தம். வால்பேப்பரைக் கிழித்து, டார்ச் அடித்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஒரு பெண்ணின் சடலம்!

போலீஸ் தேடியதில், அந்தச் சுவருக்குப் பின்னால் மொத்தம் 3 பெண்களின் உடல்கள் இருந்தன. முன் அறைத் தரைக்கு அடியில் இன்னொரு உடல். பின்பக்கத் தோட்டத்தில் 2 பெண்களின் எலும்புகள். 4 நாள் முன்னாடிதான் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான் ஜான் கிறிஸ்டி.

யார் இந்த கிறிஸ்டி?

1899-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவன். முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தான். தபால்காரனாக வேலை பார்த்தபோது போஸ்டல் ஆர்டர் திருடி ஜெயிலுக்குப் போனான். 1929-ல் ஒரு பெண்ணைத் தாக்கியதற்காக மறுபடியும் சிறை.

ஆனா 1939-ல் உலகப் போர் தொடங்கியபோது, பழைய வழக்குகளை யாரும் சரிபார்க்காமல் அவனைப் போர்க்கால போலீஸில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த யூனிஃபார்மைப் போட்டிருந்த 1943-லதான் முதல் கொலை. அடுத்த ஆண்டு இரண்டாவது. இரண்டு உடல்களையும் தோட்டத்தில் புதைத்தான். யாருக்கும் சந்தேகமே வரலை.

மேல்வீட்டுக்கு வந்த குடும்பம்

1948-ல் மாடிக்குக் குடிவந்தவர் டிமோதி எவன்ஸ். வேன் டிரைவர். எழுதப் படிக்க சரியாகத் தெரியாது. 1949 நவம்பரில் அவருடைய மனைவி பெரிலும், 13 மாதக் குழந்தை ஜெரால்டினும் கொல்லப்பட்டார்கள்.

வேல்ஸில் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாகவே போன எவன்ஸ், முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார். லண்டனில் கொலைகளை ஒப்புக்கொண்டவர், கோர்ட்டில் அதை மறுத்து, செய்தது கிறிஸ்டிதான் என்றார். அந்த கிறிஸ்டியே அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி! முன்னாள் போலீஸ்காரன், பேச்சிலும் பணிவு. ஜூரி நம்பியது அவனைத்தான். குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பு வந்து, 1950 மார்ச் 9-ம் தேதி பெண்டன்வில் சிறையில் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். அப்போ அவருக்கு வயசு 25.

கோட்டைவிட்டது எங்கே?

1949-ல் அதே வீட்டுக்கு போலீஸ் வந்தது. பெரில், ஜெரால்டின் உடல்களைப் பின்கட்டில் இருந்த துணி துவைக்கும் அறையில்தான் கண்டெடுத்தது. பக்கத்திலேயே தோட்டம். அங்கே வேலிக்கு முட்டுக்கொடுத்திருந்தது ஒரு மனிதத் தொடை எலும்பு! அது யார் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தால் எவன்ஸ் பிழைத்திருக்கலாம். அதற்குப் பிறகு இறந்த 4 பெண்களும்தான்.

1952 டிசம்பரில் தன் மனைவி எத்தலையே கொன்றான் கிறிஸ்டி. அடுத்த 3 மாதங்களுக்குள் இன்னும் 3 பெண்கள். மார்ச் 31-ல் பட்னி பாலம் அருகே பிடிபட்டவன், பெரில் உட்பட 7 பேரைக் கொன்றதாக ஒப்புக்கொண்டான். குழந்தையை மட்டும் கொல்லலைன்னு மறுத்தான். மனநிலை சரியில்லை என்ற வாதம் கோர்ட்டில் எடுபடவில்லை. மனைவியைக் கொன்ற வழக்கில் 1953 ஜூலை 15-ல் தூக்கு. எவன்ஸ் இறந்த அதே சிறை, தூக்கில் போட்டதும் அதே ஆல்பர்ட் பியர்பாயிண்ட்.

தாமதமாக வந்த மன்னிப்பு

உடனே நடந்த விசாரணை, எவன்ஸ்தான் குற்றவாளி என்று மறுபடியும் சொன்னது. 1966-ல் வந்த இரண்டாவது விசாரணை அறிக்கை, அவர் மனைவியைக் கொன்றிருக்கலாம், ஆனால் குழந்தையைக் கொல்லவில்லை என்றது. அந்த ஆண்டே அவருக்கு அரச மன்னிப்பு கிடைத்தது. இரண்டு கொலைகளையுமே அவர் செய்யவில்லை என்பதை லண்டன் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2004-லதான்.

கிரேட் பிரிட்டனில் கொலைக்கான மரண தண்டனை 1965-ல் நிறுத்தப்பட்டு, 1969-ல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்த பெயர் எவன்ஸ். ஜெயிலில் இருந்திருந்தால், தப்பு தெரிந்ததும் அவரை வெளியே விட்டிருக்கலாம். தூக்கில் போட்ட பிறகு மன்னிப்புக் கடிதத்தை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.