நிம்மதி தேடிப் போனவர் திரும்பி வந்தார்! மோட்டார் சைக்கிள் மன்னன் மைக் ஹெயில்வுட் கதை

நியூசிலாந்து நாட்டில், கடற்கரைப் பட்டணமான ஆக்லாந்தில், ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். வயது 37. லேசாக நொண்டி நடப்பார். படகு எஞ்சின் தொழிலில் அவருக்குப் பங்கு இருந்தது. மனைவி, 2 குழந்தைகள், வீடு, வாசல் எல்லாம் உண்டு. குறை ஒன்றும் இல்லை.

ஆனால், அவருக்கு அங்கே பொழுது போகவில்லை!

அவர்தான் மைக் ஹெயில்வுட். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 9 தடவை உலகப் பட்டம் பெற்றவர். இங்கிலாந்து மக்கள் அவரை, மைக் தி பைக் என்று செல்லமாக அழைத்தார்கள்.

எல்லாம் போதும் என்று 12 ஆயிரம் மைலுக்கு அப்பால் குடியேறிய இவர், மறுபடியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்ட வந்தார். அது ஒரு விசித்திரமான கதை.

பணக்கார வீட்டுப் பிள்ளை

மைக் 1940-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் பிறந்தார். தகப்பனார் ஸ்டான் ஹெயில்வுட், மோட்டார் சைக்கிள் விற்பனையில் பெரும் பணம் சம்பாதித்தவர்.

மைக்குக்குப் படிப்பு ஏறவில்லை. கப்பல் படிப்புக்கான பள்ளியில் சேர்த்தார்கள். பாதியில் நின்றுவிட்டார். டிரயம்ப் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார்.

1957-ல் முதல் பந்தயம். அப்போது வயது 17. 11-வது ஆளாக வந்தார்.

தகப்பனார் விடவில்லை. நல்ல வண்டிகளாக வாங்கிக் கொடுத்தார். நல்ல மெக்கானிக்குகளை அமர்த்தினார். அப்பன் பணத்தில் ஓடுகிற பையன் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், பணத்தைக் கொடுத்து வண்டியை வாங்கலாம். வளைவில் சாய்ந்து திரும்பும் துணிச்சலை வாங்க முடியாது. ஒன்றிரண்டு ஆண்டில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

உயிரைக் குடிக்கும் ரோடு

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில், கடலில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஐல் ஆப் மேன் என்று பெயர். 1907-ம் ஆண்டு முதல் அங்கே டி.டி. என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது.

இதற்குத் தனி மைதானம் கிடையாது. ஜனங்கள் நடமாடும் சாதாரண ரோடுதான் பந்தயப் பாதை! ஒரு சுற்று 37¾ மைல். ஊருக்குள் புகுந்து, கல் சுவர்களை உரசிக்கொண்டு, வீட்டு வாசல்களைத் தாண்டி, மலை மேல் ஏறி இறங்க வேண்டும். கீழே வெயில் அடிக்கும்போது மலையில் மூடுபனி இருக்கும். 1911 முதல் இந்த ரோட்டில் 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

எல்லோரையும் ஒன்றாக ஓட விடுவதும் இல்லை. சில விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். கடிகாரம்தான் எதிரி.

1961-ல் இந்தத் தீவில் மைக் ஒரே வாரத்தில் 3 பந்தயங்களில் வெற்றி பெற்றார். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்தது இல்லை. இரண்டு பந்தயங்களில் ஜப்பான் நாட்டு ஹோண்டா வண்டி. மூன்றாவதுதான் பெரிய பந்தயம். அதில் அவர் ஓட்டியது, இங்கிலாந்தில் செய்த நார்ட்டன்.

நார்ட்டன் வண்டிக்கு ஒரே சிலிண்டர். சென்னையில் செய்யப்பட்ட என்பீல்டு புல்லட்டும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டிதான். அந்தத் தடதட சத்தம் நம் ஊர்க்காரர்களுக்கும் பழக்கம். அப்படிப்பட்ட ஒரு வண்டியில் சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடி, மைக் ஜெயித்தார்.

இங்கிலாந்து வண்டிகளின் நல்ல காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். இத்தாலி வண்டிகளும் ஜப்பான் வண்டிகளும் முந்திக்கொண்டன. அந்தப் பெரிய பந்தயத்தில் நார்ட்டன் மறுபடி ஜெயிக்க 1992 வரை, 31 ஆண்டுகள் ஆயின!

மைக்கும் இத்தாலி வண்டிக்கு மாறினார். எம்.வி. அகஸ்டா கம்பெனிக்காக ஓட்டி, 1962 முதல் 1965 வரை தொடர்ந்து 4 ஆண்டுகள் 500 சி.சி. உலகப் பட்டம் பெற்றார்.

1965-ல் தீவில் நல்ல மழை. ஒரு வளைவில் மைக் வழுக்கி விழுந்தார். மூக்கில் ரத்தம். வண்டியின் கண்ணாடி உடைந்துவிட்டது. கைப்பிடி வளைந்துவிட்டது. அவர் எழுந்தார். வண்டியை நிமிர்த்தினார். வளைந்ததைக் காலால் உதைத்து நேராக்கினார். மறுபடி ஏறி ஓட்டினார். ஜெயித்தும் விட்டார்!

அடுத்த இரண்டு ஆண்டுகள் ஹோண்டா. மேலும் 4 பட்டங்கள். பிறகு ஹோண்டா கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது. வேறு கம்பெனிக்கு ஓட்டக்கூடாது என்பதற்காக மைக்குக்கு 50 ஆயிரம் பவுன் கொடுத்தது. ஓட்டாமல் இருப்பதற்குச் சம்பளம்!

நெருப்புக்குள் பாய்ந்தார்

சும்மா இருக்க முடியாத மைக், கார் பந்தயத்துக்குப் போனார்.

1973 மார்ச் மாதம். தென் ஆப்பிரிக்காவில் பந்தயம். மைக்கின் காரும், கிளே ரெகசோனி என்ற சுவிட்சர்லாந்து வீரரின் காரும் மோதிக்கொண்டன. ரெகசோனியின் கார் தீப்பிடித்தது. அவர் நினைவு இழந்து உள்ளே கிடந்தார்.

மைக் தன் காரிலிருந்து குதித்து ஓடினார். நெருப்புக்குள் கையை விட்டு, ரெகசோனியைக் கட்டியிருந்த வாரை அவிழ்க்கப் பார்த்தார். மைக்கின் உடுப்பில் தீப்பற்றியது. ஓடி வந்து அணைத்துக்கொண்டார். மறுபடியும் நெருப்புக்குள் போனார். ரெகசோனியை வெளியே இழுத்துவிட்டார். அவர் பிழைத்தார்.

மைக் செய்த காரியங்களில் எல்லாம் பெரியது இதுதான். இதற்காக இங்கிலாந்து அரசு அவருக்கு ஜார்ஜ் மெடல் வழங்கியது.

மறு ஆண்டு அவருக்கே விபத்து. ஜெர்மனியில் கார் மோதி வலது கால் நொறுங்கியது. பழையபடி கார் ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போனார்.

பழைய ஆசை

அழகான நாடு. அமைதியான ஊர். மைக்குக்கு அந்த அமைதிதான் பிடிக்கவில்லை. பட்டறையின் எண்ணெய் நாற்றமும், விடியற்காலையில் தீவில் எழும் எஞ்சின் முழக்கமும் இல்லாத வாழ்க்கை அவருக்கு உப்பில்லாப் பண்டமாக இருந்தது.

பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவுக்குப் போய், பழைய வண்டிகளுக்கான பந்தயத்தில் நார்ட்டன் ஓட்டிப் பார்த்தார். 1977-ல் அங்கே நடந்த 6 மணி நேரப் பந்தயத்தில், இன்னொருவரோடு மாறி மாறி டுகாட்டி வண்டியை ஓட்டி, ஆறாவது இடம் பிடித்தார்.

கால் கெட்டாலும் கை கெடவில்லை!

1978-ல் ஐல் ஆப் மேன் பந்தயத்தில் ஓட்டப்போவதாகச் செய்தி வந்தது. ரசிகர்களுக்குச் சந்தோஷம். அதைவிடப் பயம் அதிகம். அவர் அந்தத் தீவில் பந்தயம் ஓட்டி 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. வயது 38. தலை வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. வண்டிகளின் வேகமோ கூடிவிட்டது. உலகப் பட்டப் போட்டியின் பெரிய வீரர்கள் பலர், இந்த ரோடு ஆபத்து என்று சொல்லி வருவதையே நிறுத்தியிருந்தார்கள். பெயரோடு இருந்த மனிதர் பெயரையும் உயிரையும் ஒன்றாகத் தொலைக்கப் போகிறாரே என்று பலர் கவலைப்பட்டார்கள்.

ஜூன் 3-ந் தேதி சனிக்கிழமை. தீவில் கூட்டம் அலைமோதியது. ரோட்டு ஓரத்துச் சுவர்களிலும் மேடுகளிலும் ஜனங்கள்.

மைக்கின் வண்டி, மான்செஸ்டர் நகரத்து மோட்டார் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் தயார் செய்து கொடுத்த டுகாட்டி. எதிரி பில் ரீட். இவரும் உலகப் பட்டம் வென்றவர். முந்திய ஆண்டு இதே பந்தயத்தில் ஜெயித்தவர். அவருக்கு ஹோண்டா கம்பெனியின் ஆதரவு.

ரீட் முதல் ஆளாகக் கிளம்பினார். 50 விநாடி கழித்து மைக் கிளம்பினார்.

6 சுற்று. 226 மைல். மைக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்தார். கடைசியில் ரீடையே எட்டிப் பிடித்துவிட்டார்! அதாவது, அந்த 50 விநாடியையும் விழுங்கிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது சுற்றில் ரீடின் வண்டி பழுதாகி நின்றது.

மைக் நிற்கவில்லை. 2 மணி 5 நிமிடம் 10 விநாடியில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். சராசரி வேகம் மணிக்கு 108½ மைல். ஜனங்கள் தொப்பியையும் கைக்குட்டையையும் வீசி ஆர்ப்பரித்தார்கள். வயதானவர்கள் அழுதார்கள்.

அந்த வாரத்து மற்ற பந்தயங்களில் அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவும் இல்லை.

1979-ல் மறுபடி வந்தார். சுசுகி வண்டியில் பெரிய பந்தயத்தை ஜெயித்தார். தீவில் அது அவருக்கு 14-வது வெற்றி. அதே வாரம் இன்னொரு பந்தயத்தில் வெறும் 3.4 விநாடியில் தோற்றார். அதோடு, இனிப் போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

நியூசிலாந்துக்குத் திரும்பவில்லை. பர்மிங்காமில், தன்னைப் போலவே உலகப் பட்டம் வென்ற ராட் கூல்டுடன் சேர்ந்து மோட்டார் சைக்கிள் கடை திறந்தார்.

மீன் வாங்கப் போன மாலை

1981 மார்ச் 21-ந் தேதி, சனிக்கிழமை மாலை. வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வர மைக் காரில் கிளம்பினார். மகளும் மகனும் கூட வந்தார்கள்.

வழியில், ரோட்டின் நடுவே ஒரு லாரி வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. கார் அதில் மோதியது.

9 வயது மகள் அங்கேயே இறந்தாள். மைக் 2 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, 23-ந் தேதி உயிர் விட்டார். 41-வது பிறந்த நாளுக்கு இன்னும் 10 நாள்தான் இருந்தது. மகன் சிறு காயத்தோடு தப்பினான்.

லாரி டிரைவருக்கு 100 பவுன் அபராதம் விதித்தார்கள்.

டான்வர்த் என்ற கிராமத்து மாதா கோவில் தோட்டத்தில் தகப்பனையும் மகளையும் அடக்கம் செய்தார்கள். ஐல் ஆப் மேன் மலை ரோட்டில் எல்லாவற்றுக்கும் உயரமான இடத்துக்கு, ஹெயில்வுட் மேடு என்று பெயர் வைத்தார்கள்.