சுவாமி விபுலானந்தர் - படிப்பும் பண்பும்



‘மாணவரும் நற்பண்புகளும்’ என்றோ ‘நான் மதிக்கும் பெரியார்’ என்றோ கட்டுரைத் தலைப்பு வந்தால் உங்களில் அநேகர் ஒரே மாதிரியாகவே எழுதுகிறீர்கள். உண்மை, பணிவு, பொறுமை, நேரந்தவறாமை என்று ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம். பிறகு முடிவுரை. இப்படி எழுதினால் புள்ளி கிடைக்காமல் போகாது. ஆனால் விடைத்தாளை வாசிப்பவரின் மனதில் எதுவும் நிற்காது. பண்பு என்பது ஒருவர் செய்த காரியத்தில் தெரிவது. ஆகவே இம்முறை ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துப் பார்ப்போம். அவரும் உங்களைப்போலப் பரீட்சைகளுக்காகப் படித்தவர்தான். உங்களைவிட அதிகமான பரீட்சைகளை எழுதியவர்.

கிழக்கிலங்கையின் காரைதீவு என்னும் கிராமத்தில் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியினரின் மகனாகப் பிறந்தார் மயில்வாகனன். கடலும் வயலும் சூழ்ந்த ஊர். மன்னார்க் கரையோரத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்கு அதை நினைத்துப் பார்ப்பது கடினமன்று. பெரியமடுவைப் போலவே அதுவும் பெரிய பட்டினங்களுக்கு எட்ட இருந்த இடம். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்து, பின்பு கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். பின்பு தாம் படித்த புனித மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளை மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமும் கல்வி பெற்றார். பிற்காலத்தில் துறவியான பிறகும் பிற சமயத்தவரோடு அவர் கொண்ட நட்பு குறையவில்லை. பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் அருகருகே இருக்கும் நமது மாவட்டத்தில், ஒரே வாங்கில் மூன்று சமயத்துப் பிள்ளைகள் இருந்து படிப்பது புதுமையன்று. அடுத்தவனின் நோன்பையோ விரதத்தையோ கேலி செய்யாதிருப்பது சிறிய காரியம்தான். ஆனால் அதைச் செய்யத் தவறுகிறவர்களையும் நாம் காண்கிறோம்.

1911ஆம் ஆண்டில் மயில்வாகனனார் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்குச் சென்றார். பகலில் பயிற்சி. ஓய்வு நேரத்தில் தென்கோவை கந்தையாபிள்ளையிடம் தமிழ் இலக்கிய இலக்கணம். இந்த இடத்தை நான் வகுப்பில் எப்போதும் சற்று நிறுத்திச் சொல்வதுண்டு. அவரை எவரும் அங்கே போகச் சொல்லவில்லை. அது அவருடைய பாடத்திட்டத்திலும் இல்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் தேடிப் போய்க் கேட்டார். பணிவு என்று நீங்கள் கட்டுரையில் எழுதும் சொல்லுக்கு இதுதான் பொருள். வகுப்பில் விளங்காத கணக்கை விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, பணிவில்லாத பிள்ளையே. ஆசிரியருக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னாலும் சரி.

1916ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் முக்கியமானது. அந்த ஒரே ஆண்டில் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார்; மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அப்பண்டிதர் பட்டத்தை முதலில் பெற்றவர் அவரே. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். கலைப்பிரிவுக்குப் போகும் பிள்ளைகள் தங்களுக்கு விஞ்ஞானம் வராது என்றும், கணிதப்பிரிவுக்குப் போகிறவர்கள் தமிழ் எதற்கு என்றும் சொல்வதைக் கேட்கிறேன். கலைப்பிரிவில் படித்தவள் என்ற முறையில் எனக்கும் அந்தப் பேச்சு பழக்கமானதே. மயில்வாகனனாரிடம் அந்த வேலி இருக்கவில்லை. அதன் பலன் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதே 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவருக்குக் கிடைத்தது. வயது இருபத்தெட்டு. நல்ல சம்பளம், சமூகத்தில் மதிப்பு. வேறொருவராயின் அதோடு அமைந்திருப்பார். அவரோ 1922இல் பதவியை விட்டு, சென்னையிலுள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு அளித்து விபுலானந்தர் என்னும் பெயரைச் சூட்டினார்.

துறவி என்றதும் காட்டுக்குப் போனார் என்று எழுதிவிடாதீர்கள். 1925இல் இலங்கை திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கப்பட்டது. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் வறிய பிள்ளைகளும் தங்கிப் படிக்க இல்லங்கள் அமைந்தன. பதவியில் இருந்து சம்பாதித்துத் தருமம் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதும் தம் நாள் முழுவதையும் கொடுப்பதும் ஒன்றல்ல.

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலில் பல்கலைக்கழகத்தில் பட்டதாரி மாணவர்களுக்குக் கற்பித்தவர், அருகிலிருந்த திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அப்பிள்ளைகளுக்கும் கற்பித்தார். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த காலம் அது. பேராசிரியர் ஒருவர் அங்கே காலடி வைப்பதைப் பலர் விரும்பியிருக்க மாட்டார்கள் என்பதை ஊகிக்கலாம். அவர் போனார்.

நீங்கள் திருவேட்களத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வகுப்பின் கடைசி வாங்கே போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது. வீட்டு வேலை காரணமாகவோ கடல் வேலைக்குத் தகப்பனோடு போவதாலோ பாடம் விடுபட்ட பிள்ளையும் இருக்கிறது. ரியூசனில் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான் என்று கொப்பியைக் கையால் மறைத்து எழுதும் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். போட்டி இருக்கட்டும். ஆனால் விடுபட்ட பாடத்தைக் கேட்டு வருபவனுக்குக் கொப்பியை ஓர் இரவு கொடுத்தால் உங்கள் புள்ளி குறையாது. சாதாரண தரத்துக்கு முன்பே படிப்பை விட்டுவிடும் பிள்ளைகளில் சிலர், அந்த ஓர் இரவு கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளில் சுவாமிகள் அந்தப் பேராசிரியர் பதவியையும் விட்டு இலங்கைக்கு வந்து பாடசாலைப் பணியைத் தொடர்ந்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் தங்கி ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இனி அவருடைய பெருநூலுக்கு வருவோம். யாழ் என்ற நரம்புக் கருவியைப் பழைய இலக்கியங்களில் படித்திருப்பீர்கள். பல நூற்றாண்டுகளாக அது வழக்கில் இல்லை. எப்படி இருந்தது, எப்படி நரம்பு கட்டினார்கள், எந்தச் சுரத்தில் ஒலித்தது என்பதைக் காட்ட ஒரு கருவியும் மிஞ்சவில்லை. இருந்தவை சிலப்பதிகார அடிகளும் பழைய உரைகளும்தான். சுவாமிகள் அவற்றை எடுத்துக்கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கணித முறைப்படி கணக்கிட்டு, பழந்தமிழ் இசையின் அமைப்பை வெளிக்கொணர்ந்தார். தமிழ்ப் பண்டிதர் மட்டுமாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு வந்திராது. விஞ்ஞானப் பட்டதாரி மட்டுமாக இருந்திருந்தால் அந்த அடிகள் விளங்கியிரா. 1916இல் ஒன்றாகப் படித்த இரண்டும் இங்கே ஒன்றுசேர்ந்தன.

இந்த ஆய்வு பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இடையிலே பாடசாலை, பத்திரிகை, பல்கலைக்கழகம் என்று எத்தனையோ பொறுப்புகள். கடைசிக் காலத்தில் உடல்நலமும் குன்றியது. ஆயினும் வேலையை அரைகுறையாக வைக்கவில்லை. ‘யாழ் நூல்’ கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. 1947 ஜூன் மாதம் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அறிஞர்கள் முன்னிலையில் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி சுவாமிகள் மறைந்தார். கல்லடியில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

விடை எழுதும்போது கவனிக்க: 1916 பண்டிதர் பட்டத்துக்கும் 1920 விஞ்ஞானப் பட்டத்துக்கும் உரிய ஆண்டுகளை மாற்றி எழுதுவோர் அதிகம். அண்ணாமலையில் பேராசிரியரானது 1931, இலங்கையில் 1943. இரண்டிலும் அவரே முதல்வர் என்பதால் குழப்பம் வரும். யாழ் நூல் அரங்கேறியதும் அவர் மறைந்ததும் ஒரே ஆண்டு. இடையே இருந்தது ஏறக்குறைய ஆறு வாரங்கள்தான்.