கூஸ்தோவின் கீர்த்தியும் ஒரு பித்தளைக் கருவியும்

பிரான்ஸ் தேசத்துக் கப்பற்படை உத்தியோகஸ்தராகத் தொடங்கி, சமுத்திரத்தின் அடித்தளத்தை உலகத்தார் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய ஜாக் ஈவ் கூஸ்தோ, 1997-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி பாரிஸ் நகரில் தமது 87-ஆவது வயதில் காலமானார். அவரது கீர்த்தியை நாம் புதிதாக எடுத்துக் கூற வேண்டுவதில்லை. அக்கீர்த்திக்கு மூலதனமாயிருந்த ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதில் அவருக்குரிய பாத்தியதை எவ்வளவு, பிறருக்குரியது எவ்வளவு என்பதைப் பற்றியுமே எழுத விரும்புகிறோம். கடற்கரைக்கு வெகு தூரம் உள்ளே, மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலத்துக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். பீங்கான் சூளைகள் உள்ள இவ்வூரில் தொழில் தெரிந்தவன் ஒரு தட்டைக் கையில் எடுத்தால் முதலில் அதைப் புரட்டி அடிமுத்திரையைத்தான் பார்ப்பான். செய்தவன் யார் என்று கேட்கும் அப்பழக்கம் பித்தளைக்கும் பொருந்தும்.

கூஸ்தோ 1910-ஆம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி போர்தோவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 1930-இல் கப்பற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். விமானியாக வேண்டுமென்பதே அவரது ஆசை. 1936-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் கைகள் முறிந்து அந்த ஆசை ஒழிந்தது. கைகளுக்கு வலு வர வேண்டித் தூலோன் கடலில் நீந்தியவருக்கு, நண்பர் பிலிப் தையே நீர்க்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அதை அணிந்து தலையை நீருக்குள் தாழ்த்திய அன்றே அவரது வாழ்க்கையின் போக்கு மாறிவிட்டது.

கண் திறந்தாயிற்று, மூச்சு அல்லவோ தடை! சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கும் கருவிகளைச் சோதித்து இருமுறை வலிப்புக் கண்டார். ஆழத்தில் பிராணவாயுவே விஷமாகும் என்பதை அவர் தம் உடலாலேயே அறிந்தார். தேவை, சாதாரணக் காற்றை, வேண்டும்போது, வேண்டிய அழுத்தத்தில் தானே வழங்கும் யந்திரம்.

அத்தகைய யந்திரம் அவருக்கு முன்பே உலகில் இருந்தது. பெனுவா ரூக்கெரோல் என்னும் சுரங்க இன்ஜினீயர் 1860-இல் ரெகுலேட்டர் ஒன்றுக்கு உரிமைச் சீட்டுப் பெற்றார். 1864-இல் கப்பற்படை லெப்டினன்ட் ஓகுஸ்த் தெனேரூஸுடன் கூடி அதை நீர்மூழ்குவோர் கருவியாக்கினார். ஆனால் அக்காலத்து இரும்புக் கலங்கள் அதிகக் காற்றைத் தாங்கவில்லை, கருவி வழக்கொழிந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின், அந்நியர் வசப்பட்டிருந்த பாரிஸில், பெட்ரோல் கிடைக்காத மோட்டார்களை வேறு வாயுவால் ஓட்டுவதற்கு எமில் கான்யான் என்னும் இன்ஜினீயர் ஒரு வால்வு அமைத்துக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்த ஏர் லிகிட் கம்பெனியில் கூஸ்தோவின் மாமனார் டைரக்டர். 1942 டிசம்பரில் இருவரும் சந்தித்தனர். மாமனார் வேறு கம்பெனியில் இருந்திருந்தால் இவ்வரலாறு எவ்வாறு போயிருக்குமோ!

அடுத்த மாதம் மார்ன் நதியில் முதற்சோதனை நடந்தது. படுத்து நீந்தும்போது கருவி நன்றாக இயங்கிற்று. நிமிர்ந்து நின்றால் காற்று வீணே கொட்டிற்று. தலைகீழானால் மூச்சு இழுக்க வரவில்லை. உட்கொள்ளும் இடமும் வெளிவிடும் இடமும் வெவ்வேறு மட்டத்தில் இருந்து, வெவ்வேறு நீரழுத்தத்துக்கு உட்பட்டதே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில், ரப்பர்ச் சவ்வின் அருகிலேயே அமைத்தவுடன் குறை தீர்ந்தது. 1943 ஜூன் மாதத்தில் பந்தோல் கரையருகே கூஸ்தோ இறங்கி, மீனைப்போல் எப்பக்கமும் திரும்பி நீந்தினார். வேலை நடக்கும் விதம் எளிது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தம் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு நெம்புகோலை அழுத்துகிறது. நெம்புகோல் வால்வைத் திறக்கிறது. நீர் எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு அழுத்தத்திலேயே காற்றும் வாய்க்கு வருகிறது.

உரிமைச் சீட்டு இருவர் பெயரிலும் உள்ளது. 1946-இல் விற்பனைக்கு வந்த கருவியின் பெயர் ஸி.ஜி. 45. ஸி என்பது கூஸ்தோ. ஜி என்பது கான்யான். எண் ஆண்டைக் குறிப்பது. வக்கீல் என்ற முறையில் கூறுகிறோம்: அந்த இரண்டு எழுத்துக்களே பாகப் பத்திரம். உலகம் முதல் எழுத்தை மட்டும் வாசித்துவிட்டது. கான்யான் 1947-இல் கனடா சென்று, மான்ட்ரியலில் ஆரவாரமின்றித் தம் பட்டறை வேலையைத் தொடர்ந்தார்.

இவ்வெழுத்துக்களைத் துடைத்து அழித்துவிடுவோரும் உண்டு. பழைய கருவிகளைச் சேகரித்துச் செப்பனிடும் பழக்கம் பல தேசங்களில் பரவியுள்ளது. வட்டப் பித்தளைப் பெட்டியின் இருபுறமும் மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய் இருப்பின் அது பழைய வகை. மூடியைத் திறந்து, காற்றழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் அமைப்பைக் கண்டால் 1955-இல் வந்த மிஸ்ட்ரால் வகையாயிருக்கலாம். இரண்டு படிகளைக் கண்டால் ஸி.ஜி. 45-இன் வம்சத்தைத் தேடலாம். பெயர்த் தகடும் வரிசை எண்ணுமே சிறந்த சாட்சிகள். களிம்பேறிய பாகத்தை நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் இட்டு, நல்ல நீரில் அலசி உலர்த்தினால் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவன் முலாமையும் எழுத்தையும் சேர்த்தே அழிக்கிறான். இறுகிய சவ்வு, வெடித்த குழாய், ஒட்டிக்கொண்ட வாத்தலகு வால்வு ஆகியவற்றைப் புதிதாக மாற்றியே தீர வேண்டும். வால்வு அமரும் இடத்தில் ஒரு கீறல் இருந்தாலும் காற்று கசியும். தேர்ந்தவர் அழுத்தமானி வைத்துச் சோதிக்கும் வரையில் அது கண்காட்சிப் பொருளே.

இவ்வெச்சரிக்கை வீணன்று. 1946-இல் வோக்லூஸ் ஊற்றுக் குகைக்குள் கூஸ்தோ ஏறக்குறைய மாண்டுபோனார். காற்றடைத்த யந்திரம் தன் புகையையே உறிஞ்சிக் கலத்தில் அடைத்திருந்தது. மறு ஆண்டு அவரது தோழர் மொரீஸ் பார்க் 120 மீட்டர் ஆழம் சென்று உயிர் துறந்தார்.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1950-இல் கலிப்ஸோ கப்பல், 1953-இல் புத்தகம், 1956-இல் கான் விழாவில் முதற்பரிசு பெற்ற திரைப்படம். அப்படத்தில் பவழப்பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதையும் சுறாக்களைக் கொல்வதையும் காண்கிறோம். அதை நாம் மறைக்க மாட்டோம். 1960-இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டுவதை அதே மனிதர் எதிர்த்து நின்றார் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

கருவி தமிழர் கடலுக்கும் வந்தது. கல்லைக் கட்டி மூச்சடக்கி முத்தும் சங்கும் எடுத்த தூத்துக்குடிக் கடலில், அரசாங்க விஞ்ஞானிகள் அதை முதுகில் சுமந்து பார்களை ஆராய்ந்தனர். 1956-இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்ஸனும் திருகோணமலைச் சுவாமிமலைக்குக் கீழே மூழ்கி, போர்ச்சுகீசியர் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களைக் கடலடியில் கண்டனர். அக்காலத்துக் கருவிகள் ஏதேனும் நம் துறைமுகங்களின் கிடங்குகளில் எஞ்சியிருக்குமாயின், அவை பழைய பித்தளை விலைக்கு எடைபோடப்படுமுன் யாரேனும் தகட்டைப் புரட்டி வாசிக்கட்டும்.