புதிய கருவியும் பழகிய கையும் – ஓவியர் இரவிவர்மா



செந்தாமரை மலர்மேல் நின்றருளும் இலக்குமியையும், வீணை ஏந்தி வீற்றிருக்கும் கலைமகளையும் படங்களில் கண்டு வணங்காத தமிழ்க் குடும்பம் அரிது. தோட்டப்புற இல்லமாயினும் மாநகர மாளிகையாயினும் பூசை மாடத்தில் இப்படங்களுக்கு இடமுண்டு. தெய்வத் திருவுருவங்களை இவ்வாறு வண்ணப் படங்களாக அச்சிட்டு எளியோர் இல்லங்களுக்கும் வழங்கியவர்களுள் தலைசிறந்தவர் இராசா இரவிவர்மா ஆவார். பழைய முறையில் ஓவியம் பயின்று, புதிய கருவியைக் கைக்கொண்டு வெற்றி கண்ட அப்பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். தந்தையார் வடமொழி வல்லவர். தாயார் கவி புனையும் ஆற்றல் வாய்ந்தவர். இளமையில் இரவிவர்மா கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவர்களில் விலங்குகளையும் அன்றாடக் காட்சிகளையும் வரைந்து வந்தார். பிறர் அதைக் குறும்பு என எண்ணினர். அவருடைய மாமன் இராசராச வர்மாவோ அக்கோடுகளில் மறைந்திருந்த திறமையைக் கண்டுகொண்டார். அவர் தஞ்சாவூர்ப் பாணியில் ஓவியம் தீட்டுபவர். சிறுவனைக் கடிந்துகொள்ளாமல் தம் அருகில் அமர்த்தி, கோடு இழுக்கவும் வண்ணம் குழைக்கவும் கற்பித்தார்.

தஞ்சாவூர்ப் பாணி என்பது நுட்பமான கைவேலை. மரப்பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பூச்சிட்டு, அதனை வழவழப்பாக்குவர். அதன்மேல் உருவத்தை வரைந்து, அணிகலன் வரும் இடங்களைப் பசைக் கலவையால் மேடுபடுத்தி, பொன் தகடும் கற்களும் பதிப்பர். இவ்வேலையில் பொறுமையும் தூய்மையும் இன்றியமையாதவை. இரவிவர்மாவின் கையும் கண்ணும் முதன்முதலில் பழகியது இத்தகைய மரபிலேதான்.

கற்பிக்க ஆளில்லாத கலை

1862ஆம் ஆண்டில், தம் பதினான்காம் வயதில், அவர் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். அக்காலத்தில் அரசாண்ட ஆயில்யம் திருநாள் மன்னர் கலைகளை மதிப்பவர். அவருடைய ஆதரவில் இரவிவர்மா அங்கேயே தங்கி ஓவியம் பயின்றார்.

அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து எண்ணெய் வண்ணம் என்னும் புதிய பொருள் நம் நாட்டு அரண்மனைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. நீரில் குழைத்த வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ மெல்ல உலரும். ஆகையால் ஒரு வண்ணத்தை மற்றொன்றோடு இழையவிடலாம், பிழையைத் திருத்தலாம், முகத்தின்மேல் விழும் ஒளியையும் நிழலையும் படிப்படியாகக் காட்டலாம். இந்த வித்தையைக் கற்க இளைஞர் இரவிவர்மா பேராவல் கொண்டார்.

ஆனால் கற்பிக்க முன்வந்தவர் எவருமில்லை. எண்ணெய் வண்ணம் அறிந்த அரண்மனை ஓவியர் மதுரை இராமசாமி நாயக்கர், தமக்கு ஒரு போட்டியாளர் உருவாவதை விரும்பாமல் மறுத்துவிட்டார் என்று இரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் மறைவாக வந்து, தாம் அறிந்தவற்றைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் அவர்கள் குறிப்பிடுவர். 1868ஆம் ஆண்டில் தியடோர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தைத் தீட்ட வந்தார். அவரும் முறையாகக் கற்பிக்க உடன்படவில்லை. தாம் தீட்டும்போது பார்த்துக்கொள்ள மட்டும் இசைந்தார்.

பார்ப்பதற்குக் கிடைத்த அந்த வாய்ப்பே இரவிவர்மாவுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. தூரிகை செல்லும் வகையையும் வண்ணம் கலக்கும் அளவையும் கூர்ந்து நோக்கினார். தனியே அமர்ந்து செய்து பார்த்தார். தவறியவற்றை மீண்டும் செய்தார். ஐந்தாண்டுகள் கழிந்தன. 1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்காக அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டே வியன்னா நகரத்துப் பெருங்கண்காட்சியிலும் பரிசு பெற்றார்.

மரபை மறவாத புதுமை

புதிய கருவி கைக்கு வந்ததும் பழையதை அவர் உதறிவிடவில்லை. சகுந்தலை, தமயந்தி, சீதை முதலிய காவிய மாந்தரையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பட்டுச் சேலையின் சரிகையும், அணிகலன்களின் பொன்னொளியும் அவருடைய படங்களில் மின்னுவதைக் காண்போர், இளமையில் கற்ற தஞ்சாவூர்க் கலையை நினைவுகூர்வர். 1888ஆம் ஆண்டில் பரோடா மன்னர் பதினான்கு புராண ஓவியங்களைத் தீட்டுமாறு பணித்தபோது, அவர் தம் இளவலும் ஓவியருமான இராசராச வர்மாவுடன் பாரத நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, மக்களின் உடையையும் தோற்றத்தையும் நேரில் கண்டறிந்தார். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களும் பாராட்டையும் பதக்கத்தையும் ஈட்டித் தந்தன.

மேனாட்டுப் பாணியில் நம் தெய்வங்களைத் தீட்டினார் என்று அவரைக் குறை கூறிய கலை அறிஞர்களும் உண்டு. எனினும் பொதுமக்கள் அப்படங்களைத் தமக்குரியனவாகவே ஏற்றுக்கொண்டனர்.

அரண்மனையிலிருந்து குடிசைக்கு

அவருடைய ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே தொங்கின. ஏழை மக்கள் அவற்றைக் காண்பது எங்ஙனம்? ஐரோப்பாவிற்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்பலாம் எனக் கும்பகோணத்தில் பிறந்த திவான் சர். டி. மாதவராவ் யோசனை கூறினார். இரவிவர்மாவோ நம் நாட்டிலேயே அதைச் செய்யத் துணிந்து, 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவினார். செருமனியிலிருந்து இயந்திரங்களும் வல்லுநர்களும் வந்தனர்.

அக்காலத்தில் வண்ணப் படம் அச்சிட்ட முறை வியப்புக்குரியது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள எழுதுகோலால் படத்தை வரைவர். கல்லை நீரால் நனைத்தால் வரைந்த இடம் நீரை ஏற்காது. அங்கு மட்டுமே மை ஒட்டும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல் வேண்டும். ஒரே தாளைக் கல்லுக்குக் கல் மாற்றி, சிறிதும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

இவ்வாறு அச்சான படங்கள் சிறு விலைக்கு ஊர்தோறும் சென்றன. கோயிலுக்குள் நுழையத் தடை செய்யப்பட்டிருந்த மக்களின் குடிசைகளிலும் தெய்வத் திருவுருவம் இடம் பெற்றது. திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தது 1936ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

ஆயினும் அச்சகம் அவருக்குச் செல்வம் சேர்க்கவில்லை. கடன் பெருகியது. பம்பாயில் கொள்ளைநோய் பரவிய காலத்திற்குப்பின் அச்சகம் உலோனாவாலாவை அடுத்த ஊருக்கு மாற்றப்பட்டது. பின்னர் பிரிட்சு செலைச்சர் என்னும் செருமானிய வல்லுநருக்கு விற்கப்பட்டது. பிற்காலத்தில் 1913ஆம் ஆண்டில் அரிச்சந்திரன் கதையைத் திரைப்படமாக்கிப் புகழ்பெற்ற தாதாசாகேப் பால்கேயும் அவ்வச்சகத்தில் பணியாற்றியவரே. 1905ஆம் ஆண்டில் இளவலை இழந்த இரவிவர்மா, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

நாம் பெறும் படிப்பினை

இக்காலத்தில் கணினித் திரையிலும் கையடக்கக் கருவியிலும் ஓவியம் தீட்டும் முறை வந்துள்ளது. வண்ணம் குழைக்க வேண்டுவதில்லை, தாள் வீணாவதில்லை, பிழையை ஒரு தொடுதலில் நீக்கலாம். அன்று வண்ணத்திற்கு ஒரு கல் வைத்ததுபோல, இன்று திரையில் ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காகப் படத்தை அமைக்கின்றனர். இதைக் கண்டு தூரிகைக் கலை அழிந்துபோகும் என அஞ்சுவோரும் உளர். தூரிகையே இனி வேண்டா என்போரும் உளர். இரவிவர்மாவின் வாழ்வு இரு சாராருக்கும் விடை கூறுகின்றது. எண்ணெய் வண்ணமும் அச்சுக்கல்லும் அவர் காலத்துப் புதுமைகள். அவற்றை அவர் அஞ்சவில்லை, அவற்றையே நம்பியிருக்கவுமில்லை. முதலில் கண் பார்க்கப் பழகியது. கை கோடிழுக்கப் பழகியது. பிறகே கருவி பயன்பட்டது. முகத்தில் ஒளி எங்கு விழும், நிழல் எங்குத் தங்கும் என்பதை எந்தக் கருவியும் நமக்காக உற்று நோக்கித் தராது.

பெற்றோர்களே! விலையுயர்ந்த கருவி வாங்க இயலவில்லையே என வருந்தற்க. கரித்துண்டிலிருந்து தொடங்கிய கை உலகக் கண்காட்சிகளை எட்டியிருக்கின்றது. பிள்ளைகள் கிறுக்கும்போது சினவாமல், அம்மாமனைப் போல் ஒரு கணம் நின்று பார்ப்போமாக. ஒரு பென்சிலும் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமும் தொடக்கத்திற்குப் போதும்.

மாணவமணிகளே! கற்பிப்பார் இல்லையெனினும் காண்பதற்குக் கண்கள் உள்ளன. நாள்தோறும் ஒரு மரத்தையோ ஒரு முகத்தையோ நோக்கி வரைந்து பழகுங்கள். நாளை எக்கருவி கைக்கு வரினும் அது உங்களுக்குப் பணி செய்யும்.

வாழ்க ஓவியக் கலை! வளர்க நும் முயற்சி!