மைலாடி வேதமாணிக்கம்: இடமளித்தவரிடம் ஒப்படைக்கப்பட்ட சபை

மிஷனரிகளின் வரலாறு பெரும்பாலும் வந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவர்கள் எந்தச் சங்கத்தால் அனுப்பப்பட்டனர், எந்தத் துறைமுகத்தில் இறங்கினர், எத்தனை ஆலயங்களைக் கட்டினர் என்பனவற்றை நாம் அறிவோம். அவர்களை அழைத்தவர் யார், உணவும் உறைவிடமும் தந்தவர் யார், அவர்கள் புறப்பட்டபின் சபையைத் தாங்கியவர் யார் என்று கேட்பவர் குறைவு. தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாற்றில் இம்மூன்று வினாக்களுக்கும் மைலாடி வேதமாணிக்கம் என்னும் ஒரே பெயரே விடையாக அமைகிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மைலாடியில், பறையர் என்றும் சாம்பவர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அவர். மகாராசன் என்பது இயற்பெயர். அன்றைய திருவிதாங்கூரில் அச்சமூகத்தாருக்குப் பொதுவழியில் நடக்கவும் இடுப்புக்கு மேல் ஆடை உடுத்தவும் உரிமை இல்லை. மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கும் அடிமைமுறை அங்கே 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கோயிற்கதவுகள் 1936இல்தான் திறந்தன.

18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மகாராசன் தம் உறவினருடன் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். நந்தனாரின் கதையை அறிந்தோருக்கு அந்தப் பயணத்தின் முடிவை விளக்க வேண்டியதில்லை. மனநிறைவின்றித் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். பிறகு மைலாடிக்குத் திரும்பி, தம் குடும்பத்தாருக்கும் சுற்றத்தாருக்கும் தாமே போதித்தார். எந்த ஐரோப்பியரும் கால்வைப்பதற்கு முன்பே அங்கே ஒரு சிறு சபை உருவாகிவிட்டது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். அவரைத் தேடிச் சென்று திருவிதாங்கூருக்கு அழைத்தவர் வேதமாணிக்கமே. 1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மைலாடியை அடைந்தார். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் நடுவே அவருக்கு இடம் கிடைத்தது. அந்நிய மதத்தாரை ஆதரித்தால் அரசின் சினமும் ஆதிக்கச் சாதியினரின் பகையும் வந்து சேரும் என்பதை அறிந்தே அம்மக்கள் அவரை ஏற்றனர். ஆலயம் கட்டுவதற்கான அனுமதி உடனே கிடைக்கவில்லை. வேலுத்தம்பி தளவாயின் காலம் முடிந்த பின்னர், 1809இல்தான் மைலாடியில் ஆலயம் எழுந்தது. அவ்வாண்டிலேயே அங்கே பள்ளியும் தோன்றியது. எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகளின் கைக்கு அதன்வழி எழுத்து வந்தது.

ரிங்கல்தௌபே எளிமையாக வாழ்ந்தவர். தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கே செலவிட்டவர். எனினும் தம் சபையாரைப் பற்றி அவர் எழுதியவை யாவும் கனிவானவை என்று கூற இயலாது. உலகியல் நன்மைகளை நாடியே பலர் வருகின்றனர் என்ற ஐயம் அவருக்கு இருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட விரும்புவதும் ஆன்ம வேட்கையே என்பதை அவர் முழுமையாக உணர்ந்தாரா என்பது நம் கேள்வி.

ஆயினும் விடைபெறும் வேளையில் அவர் செய்த செயல் சொற்களை விடப் பெரியது. உடல்நலம் குன்றிய நிலையில் 1816இன் தொடக்கத்தில் அவர் புறப்பட்டார். சபைகளின் பொறுப்பை வேறொரு ஐரோப்பியர் வரும்வரை பூட்டிவைக்காமல் வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். தம் திருப்பணி அங்கியை அவருக்கு அணிவித்துத் திருப்பீடத்தின் முன் நிறுத்தினார் என்பது மைலாடியில் வழங்கும் மரபு. மேலாடை உடுத்தும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்த நாட்டில், ஒரு சாம்பவரின் தோளில் ஏறிய அந்த அங்கியின் பொருளை நாம் சிந்திக்க வேண்டும். தமக்கு இடமளித்தவர்களுக்கு ஒரு விருந்தினர் செலுத்திய நன்றி அங்கே தலைமைப் பொறுப்பாக உருப்பெற்றது. கடல்வழிப் பயணத்தில் ரிங்கல்தௌபே மறைந்துபோனார். அவருடைய முடிவு இன்றுவரை தெளிவாகவில்லை.

1818இல் சார்லஸ் மீட் வந்து சேரும்வரை ஏறத்தாழ ஈராண்டுகள் வேதமாணிக்கம் சபைகளை நடத்தினார். அதன்பின் பணியின் மையம் நாகர்கோவிலுக்கு மாறியது; அதிகாரம் மீண்டும் ஐரோப்பியர் கைக்குச் சென்றது. குருப்பட்டம் பெறாமலேயே 1827இல் வேதமாணிக்கம் காலமானார். அந்தச் சங்கம் திருவிதாங்கூரில் உள்நாட்டவரைப் போதகர்களாக அபிஷேகம் செய்யத் தொடங்கியது 1860களில்தான். 1850களின் தொடக்கத்தில், முதுமையை எட்டிய மீட் பறையர் குலத்தில் பிறந்த கிறித்தவப் பெண்ணொருவரை மணந்தபோது உடன்பணியாளர்களே அவரை எதிர்த்தனர். அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பறையர் ஒருவரின் அழைப்பால் தொடங்கிய பணிக்கு, ஐம்பது ஆண்டுகளுக்குள் பறையர் வீட்டு உறவு இழுக்காகத் தோன்றியது. விருந்தோம்பலை ஏற்றவர்கள் சமத்துவத்தை ஏற்கவில்லை.

இது திருச்சபைக்கு மட்டுமே உரிய பாடமன்று. உண்மை அறியும் குழுக்களாகவும் ஆய்வு மாணவர்களாகவும் நாமும் சேரிகளுக்கு விருந்தினராகச் செல்கிறோம். அங்கே உண்கிறோம், உறங்குகிறோம், அவர்களின் துயரத்தைக் குறித்துக்கொள்கிறோம், புறப்படும்போது நன்றி கூறுகிறோம். அறிக்கையில் நம் பெயர்கள் முதலில் வருகின்றன. நமக்குச் சோறிட்டவரின் பெயர் வருவதில்லை. பயணம் முடியும் நாளில் முடிவெடுக்கும் உரிமையும் பேசும் இடமும் யாரிடம் விடப்படுகின்றன என்பதைக் கொண்டே நம் நன்றியை அளக்க வேண்டும். 1816இல் மைலாடியில் ஒருமுறை அது சரியாக நிகழ்ந்தது. அது நிலைக்காமல் போனதற்கான காரணங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன.